வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் அப்பா அழுதது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், இருக்கவும் வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இருபத்தெட்டு வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய கை, பொய் எழுத மறுக்கிறது. அப்பா சரியில்லை.

அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. பஸ் ஓட்டிய காலத்தில் ஹாரனைத் தொடாமல் வாயாலேயே தெருவை விலக்கிய மனிதர், அன்றிலிருந்து சோற்றுக்கும் மாத்திரைக்கும் மட்டுமே வாயைத் திறக்கிறார். அன்று அவர் அழவும் இல்லை. நானும் அழவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையவே நேரம் சரியாக இருந்தது. "மாமா, தாத்தாவ எங்கயாச்சும் வெளிய கூட்டிட்டுப் போனா மனசு மாறும்" என்றாள் மருமகள். ஊருக்கு வெளியே நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஊர் ஒன்றை அப்படியே கட்டி வைத்து, ஆட்களுக்கு அந்தக் காலத்து உடுப்பை மாட்டி, கொல்லன், வாத்தியார், மளிகைக்காரர் என்று நடமாட விட்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா, நான், மகன், மருமகள், பேத்தி சுண்டெலி என்று நாலு தலைமுறையும் ஒரே காரில் அடைந்துகொண்டு போனோம். போகிற வழியிலேயே சுண்டெலி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், இரண்டும் என் மேல்.

உள்ளே நுழைந்ததும் முதல் சனி என்னால்தான் பிடித்தது, ஒப்புக்கொள்கிறேன். மளிகைக் கடையில் ஒரு தராசு தொங்கியது, பார்த்த மாத்திரத்திலேயே இடது தட்டு இறக்கம், பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். வேஷத்தை விடாமல் மளிகைக்காரர், "நூத்தம்பது வருஷமா இதே தராசுதான் ஐயா, ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். "அதான் கேக்குறேன்" என்றேன். அவர் குரலை உயர்த்த, நான் உயர்த்த, சமாதானம் பண்ண வந்த மகனைப் பிடித்து, கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்காக, அந்த ஊர்க் காவல்காரர் தண்டனைப் பலகையில் கழுத்தையும் கைகளையும் மாட்டிப் பூட்டினார். பூட்டு திறக்கவில்லை. சுண்டெலி கை தட்டி, "அப்பா அப்படியே இருக்கட்டும், நல்லா இருக்கு" என்றாள். அந்த ஊர்த் தச்சரைக் கூப்பிட ஓடினேன். அவர் வார நாளில் வருமான வரிக் கணக்கு எழுதுகிறவராம், உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று என்னையே கேட்டார். எப்படியோ திருகாணியைக் கழற்றி மகனை மீட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம்.

அரை மணி நேரம் தேடினோம். கடைசித் தெருவில் ஒரு வீட்டை அந்தக் காலத்து இழவு வீடாக வைத்திருக்கிறார்கள். கூடத்தில் பெட்டி, பெட்டிக்குள் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு அம்மாள். ஓய்வுபெற்ற பல் டாக்டராம், சனி ஞாயிறுகளில் ஒரு நாளைக்கு நாலு தடவை செத்துப்போகிறார். அப்பா பெட்டி ஓரம் உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இப்படியா சொல்லாமக் கொள்ளாமப் போவாங்க?" என்று அந்த அம்மாளைக் கேட்டார். "உன் கண்ணாடிய மிதிச்சு ஒடைச்சது நான்தான். நீயே மிதிச்சிட்டன்னு சொல்லி உன்ன நம்ப வெச்சேன். ஒரு வருஷமா ஒட்டுப் போட்டு மாட்டிக்கிட்டுத் திரிஞ்சியே, பாவி நான் வாயத் தொறக்கல."

பெட்டியைச் சுற்றி அழுவதாக நடித்த பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். சாப்பாட்டு மணி அடித்தது, ஒருவரும் எழவில்லை. நாற்பது நிமிஷம் அந்த அம்மாள் இமைகூட அசைக்காமல் கிடந்தார். கடைசியில் பிணம் மெதுவாக, "பெரியவரே, கோச்சுக்காதீங்க, எனக்குக் கால் மரத்துப் போச்சு" என்றது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தார். அப்பா மட்டும், "எந்திரிச்சுக்கோம்மா" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அக்கா, சம்பளத்துக்குப் படுத்திருக்கும் ஒருத்தியை அம்மா என்று நினைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். நாளைக்கு அடுப்பைத் திறந்து விட்டால், தெருவில் இறங்கி நடந்தால், யார் பார்ப்பது? மனசைக் கல்லாக்கிக்கொண்டு முதியோர் இல்லத்து விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இருவருமே கையெழுத்துப் போட வேண்டுமாம். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். நீயும் போட்டு அனுப்பு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, எங்களைப் போல் இல்லாமல், நன்றாக இருக்கட்டும்.

உன் தம்பி,
தராசு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில், அப்பா இதை முழுக்கப் படித்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். "டேய், அந்தப் பொம்பள மூச்சு விடுறது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. அது உங்கம்மா இல்லன்னு எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுல கண்ணு கலங்குனாலே, பிரஷர் ஏறிடும்னு ஆளுக்கொரு மாத்திரையோட ஓடி வர்றீங்க. அங்க ஒருத்தரும் தடுக்கல" என்றார். பிறகு, "பக்கத்துலயே ஒரு நாற்காலி காலியாத்தான கெடந்துச்சு, நீ எதுக்குடா வாசல்லயே நின்ன?" என்று கேட்டார். விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன், கையெழுத்து வேண்டாம். வருகிற சனிக்கிழமை நானும் அப்பாவும் மட்டும் போகிறோம். போன் பண்ணி விசாரித்தேன்; டாக்டரம்மா பதினொரு மணிக்குச் சாகிறாராம்.