ஒரு சேவலும் ஏழு குற்றங்களும்

அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பொய் சொல்வது சுலபம். உண்மையைச் சொல்வதுதான் ஆபத்து. இருபத்தோரு வயதில் நான் வாய் நிறைய உண்மையைச் சொல்லிக் கொலைகாரனாகியிருக்கிறேன். அதுவும் கோவிலுக்குள்ளே, பாஸ்குத் திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின நாள்.

யுத்தம் முடிந்து, ரேஷன் மட்டும் முடியாமல் இருந்த காலம். எங்கள் வீடு சாந்தோமில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆர்மோனியம் வாசிப்பார். நான் இண்டர்மீடியட் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன் (இது வீட்டில் சொன்னது, உண்மையில் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்). அப்போதுதான் பழைய புத்தகக் கடையில் ஒரு கைடு அகப்பட்டது. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்காக யாரோ எழுதியது. அட்டை கிடையாது, முதல் முப்பது பக்கமும் கிடையாது. மிச்சம் இருந்ததெல்லாம் குற்றங்களின் பெயர்கள்.

ஆகா, என்ன பெயர்கள்! நமக்குத் திருட்டு என்றால் திருட்டு, அவ்வளவுதான். இங்கிலீஷ்காரன் அப்படி விட்டுவிடுவானா? சும்மா எடுத்தால் லார்சனி. வீடு புகுந்து எடுத்தால் பர்க்ளரி. மிரட்டிப் பிடுங்கினால் ராபரி. ஐந்து பேராகச் சேர்ந்து வந்து பிடுங்கினால் டெகாய்ட்டி. நம்பி ஒப்படைத்ததை அமுக்கிக்கொண்டால் எம்பெசில்மென்ட். நான் அலையைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே நடப்பேன். நொச்சிக்குப்பத்தில் வலை உலர்த்துகிறவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார்கள். என் இங்கிலீஷில் அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அசடு என்றால் அப்படி ஒரு அசடு.

அந்தச் சமயத்தில் எங்கள் கோவிலைச் சேர்ந்த பங்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை ஒன்று காலியானது. பள்ளிக்கு மேனேஜராக, சீமையிலிருந்து புதிதாக ஒரு சாமியார் வந்திருந்தார். வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த முகம், தமிழில் மொத்தம் இருபது வார்த்தை. பாஸ்கு முடிந்த செவ்வாய்க்கிழமை இண்டர்வியூ. அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்கள்.  அப்பா என் சட்டையைத் தாமே எடுத்துப் போய் இஸ்திரிக்குப் போட்டார்.

பெரிய சனிக்கிழமை பிற்பகல் ஊரே பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றது. பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கினால்தான் மறுநாள் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கலாம். கோவிலில் அதற்கென்று, சாமியார் உள்ளே உட்கார்ந்து வலைத்தட்டி வழியாகப் பாவம் கேட்கும் இரண்டு மரத்தொட்டிகள். ஒன்றில் எங்கள் வயதான தமிழ்ச் சாமியார்; அங்கே வரிசை வாசற்படி வரை வந்திருந்தது. மற்றதில் புதுச் சாமியார். இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு மட்டும். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

எனக்குள் ஒரு சாத்தான் புகுந்தான். செவ்வாய்க்கிழமை வரை எதற்குக் காத்திருப்பது? இப்போதே நம் இங்கிலீஷைக் காட்டிவிட்டால் என்ன?

போய் முட்டி போட்டேன். எடுத்த எடுப்பில், "நான் ஆர்மோனியம் வாசிக்கும் சவரிமுத்து வாத்தியாரின் மகன் அருளப்பன், ஃபாதர். இண்டர்மீடியட்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். (வேலைக்கு மனுவைத் தொட்டியில் முட்டிபோட்டுக் கொடுத்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.)

"பெயர் வேண்டாம் மகனே, பாவத்தைச் சொல்" என்றது வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்த குரல்.

சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். லார்சனி மூன்று. ஃபோர்ஜரி ஒன்று. ஆர்சன் ஒன்று. மைனர் பிள்ளை ஒன்றை அப்டக்‌ஷன். பெர்ஜரி, கணக்கில்லை. மனத்தளவில் பிகமி. கடைசியாக ஒரு ஹோமிசைட், அதாவது கொலை.

விவரம் இவ்வளவுதான். அம்மா ஒளித்துவைத்த வெல்லத்தை மூன்று முறை எடுத்துத் தின்றேன். பள்ளி நாளில் அப்பா கையெழுத்தை நானே போட்டேன். திருட்டுப் பீடி பிடிக்கப் போய், வேலி ஓலையைக் கொளுத்திவிட்டேன். அக்காவிடம் சொல்லாமல் அவள் மூன்று வயதுப் பிள்ளையைக் கடற்கரைக்குத் தூக்கிப்போனேன். எதற்கெடுத்தாலும் அம்மா தலைமேல் சத்தியம் செய்தேன். பாட்டுக் குழுவில் இரண்டு பெண்களை ஒரே சமயத்தில் மனத்தில் வைத்திருந்தேன். இதெல்லாம் போக, பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காவின் சேவல் மேல் சைக்கிளை ஏற்றிவிட்டேன். அது போய்ச் சேர்ந்துவிட்டது.

சாமியார் வலைத்தட்டியில் மூக்கு படும்படி குனிந்தார். பிறகு, "ஹோமிசைட் என்றா சொன்னாய்?" என்று கேட்டார்.

"ஆமாம், ஃபாதர். ஆனால் முன்கூட்டித் திட்டமிட்டது அல்ல."

சேவல் என்ற சின்ன வார்த்தையைச் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் கைடில் செத்தவர்களைக் குறிக்க 'டிசீஸ்டு' என்று ஒரு கம்பீரமான வார்த்தை இருந்ததே, அதை எப்போதுதான் பயன்படுத்துவது? இறந்தவர் என்று அர்த்தம்.

"இறந்தவர் திடீரென்று குறுக்கே ஓடிவந்தார், ஃபாதர்."

"கடவுளே! பிறகு? உடலை என்ன செய்தாய்?"

"சாப்பிட்டுவிட்டோம், ஃபாதர். தபசு நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை."

மரத்தொட்டி கிரீச்சிட்டது. "உன் வீட்டுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் குழம்பு வைத்தார்கள். இறந்தவரின் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினோம். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்."

 கடைசியில் நடுங்கும் குரலில், "இப்போது உனக்கு என்னால் மன்னிப்புத் தர முடியாது. முதலில் போலீசில் சரணடை. அப்புறம் என்னிடம் வா" என்றார். வலைத்தட்டி மூடிக்கொண்டது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லையே! சீமையில் கோழிக்கெல்லாம் இவ்வளவு கண்டிப்பு போலிருக்கிறது, அதனால்தான் அவர்கள் ராஜ்ஜியம் ஆள்கிறார்கள் என்று வியந்துகொண்டே மயிலாப்பூர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அங்கே ஒரு பெரிய மீசை கான்ஸ்டபிள் விசிறிக்கொண்டிருந்தார். "இன்னா நைனா?" என்றார்.

"சரணடைய வந்திருக்கேன்."

விசிறி நின்றது. "இன்னா பண்ணே?"

இங்கிலீஷில் சொன்னால் அவருக்குப் புரியாது. தமிழில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வாயைத் திறந்தேன். "ஒரு சேவல்மேல சைக்கிள ஏத்திட்டேன்" என்று என் காதிலேயே விழுந்தபோதுதான் ஐயோ என்றிருந்தது. சாமியார் எதை நினைத்து நடுங்கினார் என்று இப்போது புரிந்துவிட்டது.

"சேவலா? யார்து?"

"பக்கத்து வீட்டு அக்காவோடது."

"கேஸ் குட்த்துக்கீதா அந்த அக்கா?"

"இல்லை. பூனை தூக்கிட்டுப் போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்துகினு? போ, போ, பொயப்ப பாரு."

"சாமியார் சொல்லியனுப்பினார். நான் வந்து சரணடைஞ்சேன்னு ஒரு சீட்டாவது எழுதிக் குடுங்க."

"கோயி செத்ததுக்குச் சீட்டா!" கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டார். "தோ பார்யா, கோயிக்கு சரண்டர் ஆக வந்துகீறான்! அது சரி, கொயம்பு நல்லா இர்ந்திச்சா நைனா?" என்றார்.

ஓட்டமாகக் கோவிலுக்குத் திரும்பினேன். இரண்டு தொட்டியும் காலி. சாமியார்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் பாஸ்குப் பூசை. கூட்டத்தில் சாமியாரை நெருங்கவே முடியவில்லை. நன்மை கொடுக்கும் நேரம் வந்ததும் பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். எங்கள் பெஞ்சும் எழுந்தது. நான் மட்டும் எழவில்லை. அம்மா திரும்பிப் பார்த்து, வா என்று கண்ணைக் காட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் பங்கில் பாஸ்குவன்று ஒருவன் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருந்தால் அவன் சாவான பாவத்தில், மோட்சத்தையே இழக்க வைக்கும் பாவத்தில், இருக்கிறான் என்று பொருள். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே ஆர்மோனியம் ஒரு இடத்தில் தடுமாறிப் பிறகு சமாளித்துக்கொண்டது. வெளியே வந்ததும் பெண்கள் ரகசியம் பேசினார்கள். புதுச் சாமியார் என்னைக் கண்டதும் வெளுத்துப்போய் வேறு பக்கம் நடந்தார். போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

வீட்டில் பண்டிகைச் சாப்பாடு பரிமாறியபடியே கிடந்தது. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் அழுதார்கள்.

"சாமியாராலயே மன்னிக்க முடியாத பாவம் என்னடா பண்ணே, அருளு? யாராச்சும் பொண்ணு விஷயமா? எதுவா இருந்தாலும் சொல்லுடா. நீ இப்படியே செத்துட்டா நான் மோட்சத்துக்குப் போய் என்ன பண்ணப்போறேன்?"

 கேவலம், பெருமையடிக்கப் போய்ப் பெற்றவளை இப்படி நடுங்க வைத்துவிட்டேனே! ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா கண்ணீரோடு கேட்டுக்கொண்டே வந்தார்கள். சேவல் வந்ததும் நிமிர்ந்தார்கள்.

"சேவலா? அது எனக்குத் தெரியுமேடா. நான்தானே குழம்பு வெச்சேன்!"

"அதை இங்கிலீஷ்ல சொன்னேம்மா."

இங்கிலீஷில் சொன்னது என்ன என்று விளக்கினேன். "சேசு மரி சூசையே!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார்கள். "அந்த வெள்ளைக்காரப் பிள்ளை ராத்திரி தூங்கிச்சோ இல்லியோ! எழுந்திருடா." வாசல் வரை போனவர்கள் திரும்பி, "பாட்டுல ரெண்டு பேருன்னியே, யாருடா அது?" என்றார்கள். அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

சாமியார் வீட்டில் நடந்ததைச் சொல்லும் முன் ஒன்று சொல்ல வேண்டும். தொட்டியில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. கேட்டதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. ஆகவே அந்தப் பாவப்பட்ட மனுஷர் விறைப்பாக உட்கார்ந்து, "எனக்கு... ஒன்றும்... தெரியாது" என்றார், தம் இருபது வார்த்தைகளில் மூன்றைச் செலவழித்து.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னை வாய் திறக்கவும் விடவில்லை. "நீ பேசினது போதும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த அறையின் நடுவில் நின்று, கழுத்தை நீட்டி, "கொக்கரக்கோ!" என்று கூவினார்கள். இரண்டு கையாலும் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். கண்ணை மூடி, நாக்கை நீட்டிச் செத்துக் காட்டினார்கள். பிறகு அகப்பையால் கிண்டுவதுபோலக் கிண்டி, ருசி பார்த்து, தலையை ஆட்டினார்கள்.

சாமியாரின் முகம் கல்லாகத்தான் இருந்தது. ஆனால் காதுகள் முதலில் சிவந்தன. பிறகு தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்போதும் அவர் ஒன்றும் கேட்காதவர் போலவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து எழுந்து, பாவம் கேட்கும்போது அணியும் கழுத்துப் பட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, என்னைத் தொட்டிக்கு வரும்படி சைகை காட்டினார்.

முட்டி போட்டேன். வலைத்தட்டி திறந்தது. "தமிழ்ல சொல்லு" என்றார்.

சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, மன்னிப்பு முழுசாகக் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை இண்டர்வியூவில் அவர் என்னை முன்பின் பார்த்திராதவரைப் போலவே எல்லாம் கேட்டார். தொட்டியில் கேட்டதை வைத்து ஒருவன் வேலையைக் கெடுக்கவும் அவருக்கு அனுமதி இல்லையே. வேலை கொடுத்தார். இங்கிலீஷுக்கு அல்ல, கணக்குக்கு. முப்பத்தோரு வருஷம் கணக்குப் போட்டேன்.

எங்கள் வீட்டில் யாராவது எதையாவது ஊதிப் பெரிதாக்கினால் இன்றைக்கும் சின்னப் பிள்ளைகூட, "தமிழ்ல சொல்லுங்க" என்கிறது. அம்மா மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் மூடும் வரை, ஒவ்வொரு பாஸ்குப் பூசையிலும் நன்மை வாங்கும் நேரம் வந்ததும், என்னை முன்னால் விடப் பெஞ்சு ஓரத்தில் ஒதுங்கி நிற்பார்கள். நான் கடக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தி, "தமிழ்ல சொல்லிட்டியா?" என்று காதோடு கேட்பார்கள். நான் தலையாட்டிய பிறகுதான் கையை விடுவார்கள்.