மாமனாருக்கு ஒரு தேக்கு மேசை

மேசை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

வாசற்படியில் பாதியும் தெருவில் பாதியுமாக, நான்கு கால்களையும் நீட்டிக்கொண்டு அது ஒருக்களித்துக் கிடந்தது. வீட்டுக்குள்ளே தங்கராசு. தெருவிலே அவர் மனைவி தைலம்மாள். அடுப்பிலே பால்.

"ஏங்க, பால் பொங்கப் போவுது!"

"பால் கெடக்கட்டும். நீ அந்தக் காலப் புடிச்சி மேல தூக்கு."

தைலம்மாள் தூக்கினாள். லாரியில் கூடவே வந்த ஆட்கள் இருவரும் தூக்கினார்கள். தங்கராசு உள்ளேயிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மேசை அரைச் சாண் நகர்ந்து, ஆள் நுழையக் கொஞ்சம் இருந்த இடைவெளியையும் அடைத்துக்கொண்டது. கொல்லைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது; திறக்க வேண்டியவர் மேசையை இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

"வாங்கறதுக்கு முன்னாடியே சொன்னேன், வாசப்படிய அளந்துக்கிட்டுப் போவலாம்னு" என்றாள் தைலம்மாள்.

"மேச வாங்கறதுக்கு மேசயத்தான் அளக்கணும். வாசப்படிய எவனாவது அளப்பானா?"

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அவனுக்கு நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் சிதம்பரம் திரும்ப வேண்டும். ஆட்கள் இருவரும் மேசையைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஆறு நாற்காலிகளையும் மழைச் சேற்றில் வரிசையாக இறக்கி வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தங்கராசு மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஹெட்கிளார்க். கேள்வியை முழுசாகக் கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பவர். ஆபீஸில் இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்து அவரை மெச்சினார்கள். வீட்டில் தைலம்மாள் என்ன நினைத்தாள் என்பதை அவர் கேட்டதில்லை.

மேசை வாங்கும் யோசனை பிறந்ததும் அப்படித்தான். தைலம்மாளின் அப்பா தேவசகாயம் புவனகிரியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் இரண்டு பேர். மூத்தவளான தைலம்மாளுக்குக் கல்யாணமான புதிதில் இரண்டு கிறிஸ்துமஸ் இங்கே வந்து சாப்பிட்டார். பிறகு இளையவள் கல்யாணமாகிச் சிதம்பரம் போனாள். அதிலிருந்து நாலு வருஷமாகப் பண்டிகைச் சாப்பாடு சிதம்பரத்தில்தான். இங்கே கூப்பிட்டால், "முட்டி ஒத்துக்கலம்மா" என்று முடித்துவிடுவார்.

தைலம்மாளுக்கு இது பெரிய மனக்குறை. கிறிஸ்துமஸ் அன்றைக்குக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சர்ச்சுக்குப் போனால், "அப்பா வரலியா?" என்று நாலு பேர் கேட்பார்கள். தங்கச்சி வீட்டுக்குப் போகிற அப்பாவுக்குத் தன் வீட்டுக்கு வர மனமில்லையோ என்று நினைத்து நினைத்து, பண்டிகை நாளில் புதுப்புடவை முந்தானையிலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்காவது அப்பா மறுபடி தன் கையால் சாப்பிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"காரணம் தெரிஞ்சி போச்சி" என்றார் தங்கராசு ஒரு நாள். "உன் தங்கச்சி வூட்ல மேச நாற்காலி இருக்குது. இங்க மாமா தரையில ஒக்கார வேண்டியிருக்குது. அதான் முட்டி வலி."

"புவனகிரியில அப்பா தரையிலதாங்க ஒக்காந்து சாப்புடறாரு."

"அது மண் தரை. மெத்துனு இருக்கும். நம்ம வூட்டுது சிமெண்ட்டு. குளிர்ச்சி நேரா முட்டியில ஏறும்."

தங்கராசு மறு சனிக்கிழமையே அவளை அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயிலேறிவிட்டார்.

மரச்சாமான் கடைக்காரர் சுப்பராயலு முதலில் ஒரு பலா மர மேசையைக் காட்டினார். மஞ்சளாக, அடக்கமாக, அழகாக இருந்தது. தைலம்மாள் அதைத் தடவிப் பார்த்து, "இது போதுங்களே" என்றாள்.

"உன் தங்கச்சி வூட்ல இருக்கறதும் பலாதான்" என்றார் தங்கராசு. அத்தோடு பலா முடிந்தது.

அடுத்து வாகை. தங்கராசு விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். மரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தட்டினவர் அப்படிச் செய்யத்தானே வேண்டும்?

"ஒட்டு கிட்டு போட்டது வாணாம். முழு மரமா வேணும்" என்றார்.

சுப்பராயலு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடையின் பின்கட்டுக்கு அழைத்துப் போய், ஒரு சாக்குப் படுதாவை விலக்கினார். அங்கே நின்றது தேக்கு மேசை. பலகை நாலு விரல் கனம். ஒவ்வொரு காலின் அடியிலும் சிங்கத்தின் பாதம் செதுக்கியிருந்தது, நகம் உட்பட.

"ஒரே மரம் சார். யான ஏறினாலும் அசையாது. ஜமீன்தார் ஒருத்தரு சொல்லிச் செஞ்சது, அப்பறம் வாங்கல."

"ஏன் வாங்கல?" என்று கேட்டாள் தைலம்மாள்.

சுப்பராயலு அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி சிங்கப்பாதத்தைத் துடைத்தார். தங்கராசுவுக்கும் அது விழவில்லை. அவர் ஏற்கெனவே மனசுக்குள்ளே மாமனாரை அந்த மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மேசைதான் இப்போது வாசற்படியில் கிடந்தது.

பக்கத்துத் தெருவிலிருந்து தச்சர் சின்னையனைக் கூட்டிவந்தார்கள். அவர் மேசையைச் சுற்றி வந்தார். வாசலைச் சுற்ற முடியாததால் தலையைச் சொறிந்தார்.

"காலக் கழட்டினாத்தான் சார் உள்ள போவும்."

"கழட்டினா மறுபடி மாட்டலாமா?"

"வஜ்ரப் பசயக் காய்ச்சி ஊத்தி அடிச்சமுன்னா ஜென்மத்துக்கும் அசையாது. ஆனா சூட்டோட அடிச்சி எறக்கணும். ஆறிப்போச்சின்னா கல்லு."

கால்கள் கழன்றன. பலகை உள்ளே போனது. தைலம்மாளும் ஒரு வழியாக உள்ளே போய்க் கருகின பால் பாத்திரத்தைத் தேய்க்க எடுத்தாள். சின்னையன் கூடத்தில் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, தகர டப்பாவில் பசையைக் காய்ச்சி, பலகையின் அடிச்சட்டத்தில் இருந்த நாலு ஆழமான துளையிலும் ஊற்றி, நாலு காலையும் செருகினார். கால்கள் பாதி இறங்கின. சின்னையன் சுத்தியை ஓங்கினார்.

"கொஞ்சம் இரு" என்றார் தங்கராசு. "ஜெபம் பண்ணிட்டு அடிக்கலாம்."

தங்கராசுவுக்கு ஜெபம் ஒரு வரம். தொடங்கினால் சொற்கள் தாமாகவே வரும். முன்பெல்லாம் சபையில் அடிக்கடி அவரை ஜெபம் பண்ணச் சொல்வார்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் ஓர் அறுப்பின் பண்டிகையில் அவர் ஜெபித்த பிறகு யாரும் சொல்வதில்லை. இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறார்கள் என்று தங்கராசு பெருந்தன்மையாக இருந்துவிட்டார்.

"சார், பச..." என்றார் சின்னையன்.

தங்கராசு கண்ணை மூடிவிட்டார். உலகத்தில் மரங்களைப் படைத்ததிலிருந்து ஆரம்பித்தார். தேக்கு மரத்துக்கு வந்தார். அதை வெட்டினவர், இழைத்தவர், விற்றவர், லாரி ஓட்டினவர், லாரியின் முன் சக்கரம், பின் சக்கரம் எல்லாவற்றுக்கும் நன்றி செலுத்தினார். சின்னையன் வேற்று மதத்துக்காரர். ஆனாலும் மரியாதைக்காகத் தலையைக் குனிந்து, ஓங்கின சுத்தியை மெல்ல மெல்லக் கீழே இறக்கி, கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆமென்" என்றபோது பசை கல்லாகியிருந்தது.

சின்னையன் அடித்தார். கை வலித்ததே தவிரக் கால் இறங்கவில்லை. மேசையை நிமிர்த்திப் பார்த்தார்கள். ஒரு சாண் உயரமாக, தெருவில் தேர் நிற்கிற மாதிரி நின்றது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த தங்கராசுவின் மோவாய் சரியாகப் பலகையின் விளிம்பில் போய்ப் பதிந்தது.

"அடிக்கால ஒரு சாண் அறுத்துடலாம் சார். ஒரு மணி நேர வேல."

"அறுக்கறதா? சிங்கப்பாதத்தையா?"

"இல்லாகாட்டி மேச இப்படித்தான் நிக்கும்."

"மேச நிக்கட்டும். நாற்காலிய ஒசத்து."

செங்கல் வந்தது. நாற்காலிக் கால் ஒன்றுக்கு இரண்டு செங்கல். உட்கார்ந்தால் ஆடிற்று. செங்கல்லை வேறொரு மரப்பலகையில் பதித்துச் சிமெண்ட் பூசினார்கள். ஆட்டம் நின்றது. ஆனால் நாற்காலியில் ஏற முடியவில்லை. ஏறுவதற்குப் பக்கத்துக்கு ஒரு மணை போட்டார்கள். மணை வழுக்கிற்று. மணைக்குக் கீழே சாக்கு. இத்தனையும் போட்ட பிறகு கூடத்தில் நடக்க இடமில்லாமல், தைலம்மாள் சமையலறைக்குப் போக வாசல் வழியாக வெளியே இறங்கி, வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறமாக நுழைந்தாள். மார்கழி மழையில் தினமும் நாலைந்து தடவை நனைந்தாள். இருந்தும் தலையைத் துவட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். புவனகிரிக்கு ஆள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. மேசை வாங்கியிருக்கிறார்கள் என்றதும் அப்பா வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

"வர்றேன்னாரா? நெசமாவே வர்றேன்னாரா?" என்று அவள் அந்த ஆளை மூன்று தடவை கேட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் குதிரை வண்டி வந்து நின்றது. தேவசகாயம் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி முத்தம்மாள் இறங்கினாள். அதிகம் பேசாத மனுஷி. பேச வேண்டியதை எல்லாம் வாத்தியாரே பேசிவிடுவதால் நாற்பது வருஷமாகச் சேமித்து வைத்திருப்பவள்.

"ஆகா!" என்றார் தேவசகாயம், மேசையைப் பார்த்து. "இது மேசயா, கோட்டையா?"

"ஒங்களுக்காகத்தான் மாமா" என்றார் தங்கராசு. அவர் கெட்டவர் இல்லை. பெண்டாட்டி பண்டிகை நாளில் அழுவதை நாலு வருஷம் பார்த்தவர்.

தேவசகாயம் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து மணையில் ஏறி, மணையிலிருந்து நாற்காலியில் ஏறி, ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தார். கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின. முகத்தில் வெளிச்சம்.

"வலி இருக்குதா மாமா?"

"ஒரு பொட்டு வலி இல்ல மாப்ளே! ராஜா மாதிரி இருக்குது."

தைலம்மாள் கொல்லைப்புறமாக ஓடி, வீட்டைச் சுற்றி வந்து, ஆட்டுக்கறிக் குழம்பையும் சோற்றையும் வடையையும் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவின் இலையில் முதல் கரண்டி சோறு விழுந்தது. தேவசகாயம் கையை நீட்டினார்.

"எறங்குங்க மாமா" என்றார் தங்கராசு. "பண்டிகை நாளு. ஜெபம் பண்ணிட்டுச் சாப்புடலாம்."

நீட்டின கை அப்படியே நின்றது. தேவசகாயம் மனைவியைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து மணைக்கும் மணையிலிருந்து தரைக்கும் இறங்கினார். எல்லாரும் மண்டியிட்டார்கள்.

தங்கராசு அன்றைக்கு உச்சத்தில் இருந்தார். மேசை கிடைத்ததற்கு நன்றி, கால் கழன்றதற்கு நன்றி, மாட்டியதற்கு நன்றி. சின்னையனையும் சுப்பராயலுவையும் பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். மழையை நிறுத்தவும், நிறுத்தின பிறகு பயிருக்கு வேண்டிய அளவு பெய்விக்கவும் கேட்டுக்கொண்டார். தம் ஆபீஸில் மேலதிகாரியில் தொடங்கிக் கடைசிப் பியூன் வரை படிப்படியாக இறங்கி, மறந்துபோன ஒரு டைப்பிஸ்டுக்காக மறுபடி மேலே ஏறினார். குழம்பில் ஆடை படிந்தது. வடை விறைத்தது. வண்டிக்குதிரை வாசலில் ஒரு தடவை கனைத்தது. "ஆமென்" என்று தேவசகாயம் இடையிலே இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தார். தங்கராசு அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் விரிவாகப் போனார்.

முடிந்தபோது தேவசகாயத்தால் எழுந்திருக்க முடியவில்லை. தங்கராசு ஒரு பக்கமும் வண்டிக்காரன் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கி, மணையில் நிறுத்தி, நாற்காலியில் ஏற்றினார்கள். ஆறின சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். நல்லாத்தான் சாப்பிட்டார். குழம்பு மறுபடி வாங்கினார். "உன் கை மணம் மாறலம்மா" என்று மட்டும் சொன்னார்.

புறப்படும்போது தைலம்மாள் வண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அடுத்த வருசமும் இங்கதானே ப்பா?"

தேவசகாயம் குதிரையைப் பார்த்தார். தன் முட்டியைத் தடவினார்.

"பாக்கலாம்மா. சிதம்பரத்துல கூப்ட்டிருக்காங்க. முட்டி... ஒத்துக்கல."

தைலம்மாளின் கண் கலங்கிவிட்டது. தங்கராசு பதறிப்போனார்.

"மாமா, ஒரு வார்த்த! நாற்காலிக்கு இலவம்பஞ்சு மெத்த தச்சிடறேன். ரெண்டு பக்கமும் கைப்புடி வெக்கச் சொல்றேன். மணைக்குப் பதிலா மரத்துலயே படி செய்யச் சொல்றேன். நாளைக்கே சின்னையன வரச் சொல்றேன்!"

வண்டியின் பின்பக்கம் ஏறப்போன முத்தம்மாள் இறங்கி வந்தாள். மருமகனின் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"மெத்தயும் வாணாம், படியும் வாணாம் மாப்ளே, நீங்க அந்த ஆமென்ன மட்டும் கொஞ்சம் சீக்கிரமா சொல்லிட்டீங்கன்னா, அவுரு வருசா வருசம் இங்க வந்து தரையிலயே ஒக்காந்து சாப்புடுவாரு."