வெள்ளிக்கிழமைக்காரன்

"யூதப் பயலே, ஊரைவிட்டு ஓடுடா!"

ஸெலிக் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். வெள்ளிக்கிழமை காலை. பொழுது சாய்ந்தால் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மெல்பர்னில் அந்த வட்டாரத்து யூத வீடுகளுக்குப் அதற்கான பின்னல் ரொட்டி அவருடைய ரொட்டிக் கடையிலிருந்துதான் போகவேண்டும். ஆர்டர் சொல்ல இருப்பதோ இந்த ஒரே போன். அதை வாராவாரம் இந்த ஆள் பிடித்துக்கொண்டு கத்துகிறான்.

"வெள்ளிக்கிழமைக்காரனா? வச்சுத் தொலைங்க," என்றாள் மனைவி பெர்லா. போன மாதம்தான் எவனோ கல்லெறிந்து கடைக் கண்ணாடியை உடைத்திருந்தான். கண்ணாடி வேலை பார்க்கும் அவள் தம்பி நாகும் வந்து புதிது போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து போன் அடித்தாலே அவளுக்குத் திக்கென்கிறது.

வைத்தால் மறுபடி அடிப்பான். பதிலுக்குத் திட்டினால் அவனுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகிறது.

"உலகத்தையே ஆட்டிப்படைக்கிறது நீங்கதானேடா!"

ஸெலிக்குக்கு அலுத்துவிட்டது. "உலகமா? என் கடை ரேடியோவைத் தொடவே பொண்டாட்டி விடமாட்டேங்கிறா!"

மறுமுனையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. வைத்துவிட்டான்.

"பாத்தியா? ஒழிஞ்சான்!"

எங்கே ஒழிந்தான்? அடுத்த வெள்ளி விடிந்ததுமே கூப்பிட்டான். "யூதப் பயலே... வேற ஏதாவது இருக்கா?"

ஸெலிக் இன்னொரு ஜோக்கை எடுத்துவிட்டார். அதற்கடுத்த வாரம் இரண்டு. லைன் கிடைக்காத திருமதி கோர்ன்ப்ளூம் எதிர்க்கடையில் ரொட்டி வாங்கிப் போனாள். பெர்லா கரண்டியைத் தூக்கினாள்.

"கடை நடத்துறீங்களா, கச்சேரி நடத்துறீங்களா?"

ஸெலிக் தந்திரம் ஒன்று செய்தார். ரபி, அதாவது யூத மதகுரு ஒருவர் ஆட்டோடு டிராமில் ஏறிய கதையை ஆரம்பித்து, கண்டக்டர் வாயைத் திறந்த இடத்தில் நிறுத்தினார். "முடிவு கிடையாது. இனிமே கூப்பிடாதே!"

அவ்வளவுதான். அன்று முழுக்க போன் ஓயவில்லை. "கண்டக்டர் என்னதான்யா சொன்னான்? சொல்லித் தொலைய்யா!" முடிவைச் சொல்லித்தான் ஸெலிக் தப்பித்தார். ஒரு அடுக்கு ரொட்டி அப்படியே மிஞ்சியது.

பிறகு சில வாரங்கள் அவன் சத்தமே இல்லை. ஆர்டர்கள் மடமடவென்று வந்தன. ஆனாலும் போன் அடிக்கும்போதெல்லாம் ஸெலிக் கொஞ்சம் ஆசையாகத்தான் ஓடினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி லைனில் வந்தான். குரல் கம்மியிருந்தது.

"அண்ணே... எங்க ஆளுங்க கூட்டத்துல ஆட்டுக் கதையைச் சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"எவனும் சிரிக்கல. 'உனக்கு எப்படிடா இத்தனை யூத ஜோக்கு தெரியும், நீயும் அவனுங்க ஆளுதானே'ன்னுட்டானுங்க. தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன், நம்பல. நேத்து என் ஜன்னல்ல கல்லை விட்டுட்டானுங்க. நான் ஒரு தப்பும் பண்ணலையேண்ணே!"

"அதைத்தாம்ப்பா நாங்களும் ரொம்ப காலமா சொல்லிக்கிட்டிருக்கோம்," என்றார் ஸெலிக். சிரிப்பதா, அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. ரிசீவரைப் பொத்திக்கொண்டு பெர்லாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

பெர்லா மாவுக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள்.

"அட்ரஸைக் கேளுங்க, நாகுமை அனுப்பறேன். நம்ம ஜனத்துக்குன்னா அவன் கூலி வாங்கமாட்டான்."