புகை போதாத ஆஸ்பத்திரி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பள்ளிப் பாடங்கள் பெரிதாகப் பீற்றிக்கொள்கின்றன. அதைவிடப் பெரிய சாதனை, புகையைக் குறைப்பதற்காகவே புகையைத் தயாரித்தது. அந்தப் பெருமை, பதினாறு கட்டில்களும் ஒரே ஒரு இன்குபேட்டரும் உள்ள ஒரு பிரசவ ஆஸ்பத்திரியைச் சேரும்.

அங்கே தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். தினமும் பகலில் நாலு மணி நேரம் கரண்ட் போகும். உடனே குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டுவார். பிறகு மின்வாரியத்தைத் திட்டுவார். இரண்டிலும் நல்ல கைப்பழக்கம். ஆனால் ஒருநாள் ஒரு குழந்தை சில்லிட்டுப் போய், மறுபடி வீறிட்டு அழுவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கே 'பன்னாட்டுப் பசுமைத் தொழில்நுட்பப் பரிமாற்றத் திட்ட'த்துக்கு மனுப் போட்டார். கேட்டது நாலு சோலார் பேனல், ஒரு பேட்டரி.

திட்ட அதிகாரி வந்தார். கழுத்தில் டை, கையில் புகை அளக்கும் கருவி. வார்டு, சமையலறை, மொட்டை மாடி, துணி துவைக்கும் இடம் என்று ஒரு மூலை விடாமல் கருவியை நீட்டிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"என்ன சிஸ்டர், புகையே இல்லையே?"

"ஜெனரேட்டர் இருந்தாத்தானே சார் புகை?"

"அப்ப நாங்க எதைக் குறைக்கிறது?"

"நீங்க ஒண்ணையும் குறைக்க வேணாம். கரண்ட் குடுத்தாப் போதும்."

"அப்படியெல்லாம் பொறுப்பில்லாமப் பேசக்கூடாது. இது புகை குறைக்கிற திட்டம். உங்க 'அடிப்படைப் புகை' பூஜ்யம். அதுலேருந்து குறைச்சா மைனஸ்ல போயிடும். ஃபாரத்துல மைனஸ் போடக் கட்டமே இல்ல."

"குழந்தை சில்லிட்டுப் போகுது சார்!"

அதிகாரி நல்ல மனிதர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் புகை விடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

பெரிய சிஸ்டரின் தம்பி ஜெனரேட்டர் மெக்கானிக். அக்கா கேட்டதைக் கேட்டு அவருக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது.

"புகைய நிறுத்தத்தான் அக்கா எங்கிட்ட வருவாங்க!"

"தெரியும்டா. உன்கிட்ட இருக்கிறதுலயே உருப்படாததைக் கொண்டா."

ஒன்று வந்தது. பட்டறையில் அதன் பெயர் 'எருமை'. பின்கட்டில், வார்டிலிருந்து எட்டத்தில் நிறுத்தினார்கள். இழுத்துக் கிளப்பியதும் வானம் கறுத்தது. கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமாயின. கரண்ட் மட்டும் வரவில்லை. ஃபாரமும் அதைக் கேட்கவில்லை. ஆறு மாதமும் தாய்மார்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குழந்தைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாட்டின் சுற்றுச்சூழலுக்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

அதிகாரி மறுபடி வந்தார். கருவியின் முள் துள்ளியது. "பன்னெண்டு டன்! எங்க வேணாலும் நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்லலாம் சிஸ்டர்!" என்று இருமிக்கொண்டே கைகொடுத்தார்.

பேனல்கள் வந்தன. நிஜமாகவே வந்தன. கரண்ட் போன நேரத்திலும் இன்குபேட்டரின் விளக்கு அணையாமல் எரிந்ததைப் பார்த்துப் பெரிய சிஸ்டர் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார். எருமையை நிறுத்தும் விழாவுக்குப் பேனல் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரரே வந்து, ரிப்பன் வெட்டி, சர்டிபிகேட் ஒன்றை வாங்கிப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"சர்டிபிகேட் நமக்கில்லையா சார்?" என்று பெரிய சிஸ்டர் கேட்டார்.

"அவருக்குத்தான். நீங்க நிறுத்தின பன்னெண்டு டன் புகைய அவர் தன்னோட ஃபேக்டரியில விட்டுக்கலாம்னு அனுமதி."

"எருமை வர்றதுக்கு முன்னாடி இருபது வருஷம் நாங்க புகையே விடாம இருந்தோமே, அது?"

"அது கணக்குல வராது சிஸ்டர். அதுக்குப் பேரு வறுமை."

"அவர் விடப்போற புகைக்கு?"

அதிகாரி தன்னிடமிருந்த நகலைப் புரட்டிப் பார்த்தார்.

"பசுமைன்னு போட்டிருக்கு."