நாற்பத்தொரு நிமிடம் தங்கிய வாசகர்

மனிதகுலத்துக்கு இணையத்தைக் கொடுத்தவர்கள் வெளிநாட்டினர். அதில் மனிதகுலத்தைத் தங்கவைத்தவர்கள் நாங்கள்; திண்டிவனத்தில், இரும்புக் கடைக்கு மேல் மாடியில்.

எங்களுடையது விவசாயத் தளம். முன்பு இணையத்தில் ஒரு சீர்கேடு இருந்தது. ஒருவர் கேள்வியோடு வருவார். பதில் கிடைக்கும். போய்விடுவார். வந்தவுடன் போவதற்கு அது என்ன பேருந்து நிலையமா?

இதைச் சீர்படுத்தவே 'தங்கும் நேரம்' கண்டுபிடிக்கப்பட்டது. வாசகர் ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம் இருக்கிறார் என்பதே எங்கள் அறம். அதிக நேரம் தங்கவைத்த கட்டுரையாளருக்கு மாதந்தோறும் சால்வை. சென்ற மாதக் கூட்டத்தில், தங்கிய வாசகருக்கும் ஒன்று போர்த்துவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

வாசகரைத் தேட வேண்டியிருக்கவில்லை. கட்டுரையைத் திறக்கவே கைபேசி எண் கேட்போம். கோலியனூர் தாண்டவராயன். 'மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது?' நாற்பத்தொரு நிமிடம். சாதனை.

இரண்டு பேருந்து மாறி வந்தார். முதலில் கட்டுரையாளருக்கு, அடுத்து அவருக்கு என்று மேலாளர் பானுப்ரியா போர்த்தினார். கைதட்டினோம்.

"ஐயா, எங்க கட்டுரையில உங்கள அவ்ளோ நேரம் புடிச்சு நிறுத்துனது எதுங்க?"

"பஸ்ஸும்மா."

"பஸ்ஸா?"

"நீ மனுஷன்தானான்னு கேட்டுச்சு. பஸ்ஸு இருக்கற கட்டமெல்லாம் தொடச் சொல்லிச்சு. ஒண்ணுல வேனு நின்னுக்கினு இருந்துச்சு. தொட்டுட்டேன். மறுபடியும் மொதல்லேர்ந்து."

"அது பாதுகாப்புக்குங்க."

"அப்புறம் நோட்டிபிகேஷன் அனுப்பட்டான்னுச்சு. வேணாம்னேன். சரி, அப்புறமா கேக்கட்டான்னுச்சு. ஒரே பேஜாரு. மூடலாம்னா அந்தப் பெருக்கல் குறி கடுகாட்டம் இருக்குது. தொட்டா நகைக்கடை தொறக்குது."

பொறியாளர் திருமுருகன் தலைகுனிந்தார். அடக்கம். அந்தக் குறியைக் கடுகாக்கியவர் அவர்தான்.

"அப்புறம் கட்டுரை வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. மாடு ஒரு வீட்டு விலங்கு, அதுக்கு நாலு காலுன்னு. எதிர்ல அது நாலையும் நீட்டிக்கினு கெடக்குது."

கூட்டக் குறிப்பு எழுதிய வெண்ணிலாவின் பேனா நின்றது.

"கடலை பறிச்சுப் போட்ட ஈர மல்லாட்டைக் கொடிய தின்னுடுச்சும்மா. டாக்டரு வந்துக்கினே இருக்கேன்னாரு. அதுவரைக்கும் என்னா செய்றதுன்னு பாத்தேன். முன்னல்லாம் இதே எடத்துல செஞ்சிக்காரரு நேமிநாதன்னு ஒருத்தரு எழுதிக்கினு இருந்தாரு. தொறந்தா மொத வரியிலயே இருக்கும். போன வாட்டி அதப் பாத்துதான் காப்பாத்தினேன்."

"அவரு பக்கத்த நாங்கதான் வாங்கி மேம்படுத்தியிருக்கோம்," என்றார் பானுப்ரியா. "பதில் கெடைச்சுதுங்களா?"

"கெடைச்சுது. கடைசி வரியில."

"ரொம்ப சந்தோஷம். மாடு?"

"நடுவுல 'உலக நாடுகளில் மாடு'ன்னு ஒரு தலைப்பு வந்துச்சு பாரு, அப்பவே போய்டுச்சு."

பானுப்ரியா அனுபவசாலி. தடுமாறவில்லை.

"கன்னுக்குட்டி இருக்குதுங்களா?"

"இருக்குது."

"தாயில்லாத கன்ன வளக்கறதுக்கும் நம்மகிட்ட ஒரு கட்டுரை இருக்குதுங்க."

தாண்டவராயன் சால்வையை எடுத்து நான்காக மடித்தார். மேசைமேல் வைத்தார்.

"இத எழுதினவரு யாரு? அவருக்கே போத்துங்க."

பெருமையுடன் பதிவு செய்கிறேன்: அதற்கு அவசியம் இருக்கவில்லை. நேமிநாதன் நான்கு வரியில் முடித்ததை நாலாயிரம் சொற்களாக வளர்த்தவன் நான். முதல் வரியைத் தூக்கிக் கடைசியில் வைத்தவனும் நான்தான். அதே நிறச் சால்வை ஏற்கெனவே என் தோளில் இருந்தது.