மயில்வேல் எழுத்துருவும் அதன் உரிமமும்

திருத்தணி மலையடிவாரத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜீவரத்தினம், ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிகளைப் பார்த்துப் பார்த்து ஓர் அலங்கார எழுத்துருவை உருவாக்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் தலையில் மயில்தோகை, வாலில் வேல். பெயர் மயில்வேல். ஒரே குறை, படிக்க முடியாது. அதனாலென்ன? அரக்கோணம் வரை காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே அந்த எழுத்தில்தான். விசேஷம் யாருக்கு என்பதைப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஒருநாள் ஊர் அலுவலகமும் தன் பலகைகளை மயில்வேலுக்கு மாற்றியது. மனு கொடுக்க எந்த அறை என்று புரியாமல் ஜனங்கள் திரும்பிப் போனார்கள். நிலுவை மனுக்கள் பூஜ்யம். சிறந்த நிர்வாகத்துக்கு விருதுகூட வந்தது.

ஜீவரத்தினத்துக்கு அது பத்து மாத உழைப்பு. 'தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம், மற்றவர்கள் அனுமதி பெறவும்' என்று உரிமத்தில் எழுதியே வைத்திருந்தார். நேராகக் கண்காணிப்பாளர் கஜபதியிடம் போனார்.

"சார், கேக்காம எடுத்துட்டீங்க. ஒரு ஓரமா எம்பேராவது போடுங்க."

"இது தனிப்பட்ட உபயோகந்தாங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் தனித்தனியா புடிச்சிருந்திச்சி. சரி, உருவான விதத்த எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். கஜபதி முகம் மாறியது.

"மயில்தோகையா? தேசியப் பறவையாச்சே! வனத்துறை சான்று எங்க?"

"வரைஞ்ச தோகைங்க!"

"உயிரோட இருக்கிற மயிலப் பாத்துத்தானே வரைஞ்சீங்க? வேல் வேற. மொத்தம் எத்தினி எழுத்து?"

"இருநூத்தி நாப்பத்தேழு."

"அத்தினி ஆயுதத்தையும் கடையிலயே வெச்சிகினு இருந்தீங்களா? ஆங், போங்க. உத்தரவு வரும்."

வந்தது, அசல் மயில்வேலில், முத்திரையோடு. ஜீவரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெபேக்கா, பேர் போட்டுட்டாங்க!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடை வாசலில் மாட்டினாள். தெருவே திரண்டு வந்து செல்பி எடுத்தது.

பதினைந்தாம் நாள் கஜபதி பூட்டும் அரக்குமாக வந்து நின்றார்.

"கடைய மூடச்சொல்லி உத்தரவு. படிக்கலயா?"

"அழகா இருந்திச்சிங்க, மாட்டிட்டேன். எந்தக் கடைன்னு போட்டுக்குது? படிச்சிக் காட்டுங்க, நானே மூடிடறேன்."

கஜபதி உத்தரவை நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். "வரைஞ்சவரு நீங்க. நீங்களே படிங்க."

"எனக்கும் வராதுங்க."

அரசாணையில் சந்தேகத்துக்கு இடம் இருக்கக்கூடாது அல்லவா? தெருவில் இருந்த பதினெட்டுக் கடைகளுக்கும் பூட்டுப் போட்டு, கதவுக்கொரு மயில்வேல் நோட்டீஸ் ஒட்டிவிட்டு அவர் கிளம்பினார்.

பூக்கடை தாயம்மாள் ஆவேசமாக ஓடிவந்து ஜீவரத்தினத்தின் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன்யா, பக்கத்துக் கடைக்கு மட்டும் தோகை பெருசா கீது, எனக்கு ஏன் சின்னதா?"