கிராணி நடித்துக் காட்டிய என் கண்நோய்

பெரிய மனிதர்கள் போர்க்களத்தில் கண்ணை இழப்பார்கள். நானும் ஜப்பான்காரன் காலத்தில்தான் இழந்தேன்; ஆனால் கக்கூஸில்.

குற்றவாளி மரவள்ளிக்கிழங்கு. மலாயாவில் பெக்கோக் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாத நாட்கள் அவை. காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, ராத்திரிக்கு ஒரு மாறுதலாக அதையே வேறு தட்டில். உள்ளே போனது வெளியே வருவதாக இல்லை.

அன்று சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிப்பதற்காக, வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு ஜப்பான் அதிகாரி வருவதாக இருந்தது. (முன்பு போனவர்கள் ஒரு கடிதம்கூடப் போடவில்லை, அவ்வளவு சுகமான வேலை போலும்.) தப்பிக்க நான் நொண்ட வேண்டும் என்று என் மனைவி ரோசம்மா முடிவெடுத்து, ஒரு வாரமாகப் பயிற்சி கொடுத்திருந்தாள். "வலது காலுங்க, வலது காலு! மாத்தி மாத்தி நொண்டாதீங்க!"

விடியலில் கக்கூஸ் கதவை வெளியே நின்றவர்கள் இடிக்க, நான் மூச்சைப் பிடித்து, உயிரைக் கொடுத்து முக்கினேன். காரியம் நடந்தது. கூடவே வலது கண்ணின் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு திரையும் விழுந்தது. வலியே இல்லை. பெரட்டு மணி அடித்துவிட்டதால் அப்படியே ஓடினேன்.

அதிகாரியைக் கண்ட பயத்தில் நொண்ட மறந்து, விறைப்பாக நடந்துபோய் அவர் முன் நின்றேன். ரோசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் ஆள் ஏற்ற நின்ற லாரியைக் காட்டினார்.

"வலது கண்ணு தெரியலைங்க!" என்று அலறினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வந்து என் இடது கண்ணைப் பொத்தினார். "என்னைத் தெரியுதா?"

"ரெண்டு காதும் தெரியுதுங்க ஐயா. மூஞ்சியத்தான் காணோம்."

"அலமாக்! உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. எதையாச்சும் தூக்குனியா? முக்குனியா?"

தோட்டமே காது கொடுத்துக் கேட்க, சொன்னேன்.

அதிகாரிக்கு விளக்கும் பொறுப்பு, தோட்டக் கணக்கு எழுதும் கிராணி செல்லையா தலையில் விழுந்தது. முக்குவதற்கு ஜப்பான் மொழியில் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைக் கால்சட்டையோடு எல்லார் முன்னாலும் குந்தி, பல்லைக் கடித்து, முகம் சிவக்க நடித்துக் காட்டினார். கடைசியில் கண்ணைத் தொட்டு, "பும்!" என்றார்.

அதிகாரி என் இடது கண்ணைப் பொத்தி, மூக்குக்கு நேரே முஷ்டியை ஓங்கினார். எனக்குத் தெரிந்ததோ அவர் தொப்பியும் பூட்சும்தான். நான் இமைக்கவில்லை. (அதை வீரம் என்று நினைத்தவர்களும் உண்டு.) அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, என்னை வரிசையிலிருந்து தள்ளிவிட்டார்.

சில மாதங்களில் பார்வை தானாகத் திரும்பியது. லாரியில் ஏறியவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. எனக்காகக் குந்திய செல்லையாவையும் அடுத்த லாரியில் ஏற்றினார்கள். அவருக்காக நடித்துக் காட்ட யாரும் இல்லை.

ரோசம்மா மட்டும் விடுவதாயில்லை. நான் கக்கூஸில் கொஞ்சம் தாமதித்தால் போதும், பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிறாள்:

"மூச்சப் புடிக்காதீங்க லா! லாரி போயிருச்சு, மெதுவா வாங்க!"